அலை நழுவிப் போகிறதா? முதலில் இடத்தைப் பாருங்கள்

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்து, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கியதிலிருந்து, இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் அலைச்சறுக்குக் கேள்விகள் கூடிவிட்டன. "உடைந்த அலையின் நுரையில் எழுந்து நிற்கத் தெரிந்துவிட்டது, அப்புறம் என்ன செய்வது?" என்பதைத்தான் ஆளாளுக்கு வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்கவே அதற்கு. யோகா, மலையேற்றம் பற்றி எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் முறை அடுத்த இதழில்.

கேளம்பாக்கத்தில் ஐ.டி. வேலை. வார இறுதிகளில் கோவளத்தில் சர்ஃபிங் பழகுகிறேன், எட்டடி ஃபோம் போர்டு. நுரையில் சுலபமாக எழுந்துவிடுகிறேன். ஆனால் கொஞ்சம் வெளியே போய் உடையாத அலைக்குக் கை போட்டால், அலை எனக்கு அடியில் புகுந்து போய்விடுகிறது, நான் அங்கேயே கிடக்கிறேன். பக்கத்தில் ஒரு பொடியன் நாலு கை போடுகிறான், அலை அவனை அள்ளிக்கொண்டு போகிறது. எனக்குத் தோள் கழன்றுவிடும்போல இருக்கிறது. ஜிம்முக்குப் போய்த் தோளைத் தேற்ற வேண்டுமா? (ஒரு வாசகர், கேளம்பாக்கம்)

ஜிம்முக்குப் போங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் அந்தப் பொடியனின் தோள் உங்கள் தோளில் பாதிகூட இருந்திருக்காது. அவனுக்குக் கிடைத்து உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால், விஷயம் கையில் இல்லை, அவன் போர்டை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான் என்பதில் இருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடுவோம். கரைக்கு அருகே வந்துவிட்ட அலையின் வேகத்தை முடிவு செய்வது தண்ணீரின் ஆழம். அலையின் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் அது உடையும். ஒரு மீட்டர் அலை என்றால் 1.3 மீட்டர் ஆழத்தில், அதாவது நெஞ்சளவுத் தண்ணீரில். அந்த ஆழத்தில் அலை ஓடுகிற வேகம் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர். புதிதாகப் பழகுகிறவர் உயிரைக் கொடுத்துப் பேடில் செய்தாலும், அதாவது போர்டில் படுத்துக் கை போட்டாலும், நாலு, ஐந்து கிலோமீட்டர்தான் வரும், போட்டிகளுக்குப் போகிறவர்களே முழு மூச்சில் ஏழைத் தாண்டுவது கஷ்டம். ஆக, இந்த உலகத்தில் யாருமே அலையைத் துரத்திப் பிடிப்பதில்லை. அலையின் முன்பக்கச் சரிவில் போர்டு கீழே சறுக்குகிறது, மீதி வேகம் முழுக்க அந்தச் சறுக்கலில் வருவது. சரிவு செங்குத்தாக ஆக ஆக, நீங்கள் போட வேண்டிய கை குறையும். அந்தப் பையனுக்கு நாலு கை போதுமானதாக இருந்ததன் ரகசியம் இவ்வளவுதான்.

இப்படிப் போதுமான சரிவு கிடைக்கிற பட்டை ரொம்பக் குறுகல். அலை உடைகிற இடத்திலிருந்து கடல் பக்கமாக இரண்டு, மூன்று போர்டு நீளம், அவ்வளவே. அதற்கு வெளியே நின்றால் அலை இன்னும் மேடு தட்டாமல் வழவழவென்று உங்களுக்கு அடியில் போய்விடும், உங்களுக்கு நடப்பது இதுதான். அதற்கு உள்ளே நின்றால் தலைமேல் கவிழும். புதிதாக வருகிறவர்கள் ஒரு தடவை தலைமேல் வாங்கியதும் பயந்துபோய்ப் பத்து மீட்டர் வெளியே தள்ளிப் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள், அப்புறம் அங்கிருந்தபடியே காலை முழுக்கக் கை போட்டுக் களைத்துப் போகிறார்கள். கோவளத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமை போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

சரி, அந்தப் பட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் கால் மணி நேரம் மணலில் உட்காருங்கள். போர்டு வாடகைக்கு மணிக்கணக்கில் காசு கொடுக்கிறோமே என்று எல்லோரும் ஓடிப்போய்க் குதிக்கிறார்கள், அந்தக் கால் மணி நேரத்தை வாடகை எடுப்பதற்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். அலைகள் கூட்டமாக வரும், மூன்று நாலு பெரிதாக, அப்புறம் கொஞ்ச நேரம் சோம்பலாக. பெரிய கூட்டம் வரும்போது முதல் நுரை எந்த இடத்தில் வெடிக்கிறது என்று பாருங்கள். அலையின் முழு நீளமும் ஒரே நேரத்தில் உடையாது, எங்கே மேடு அதிகமோ அங்கே முதலில் உடைந்து, பிறகு பக்கவாட்டில் பரவும். அந்த மேட்டுக்கு நேர் வெளியே, இல்லையென்றால் உடைகிற பக்கத்தில் அரை போர்டு தள்ளி. அதுதான் உங்கள் இடம்.

தண்ணீருக்குள் போனதும் அந்த இடம் மறந்துவிடும், கடலில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். இதற்கு நம் மீனவர்களின் பழைய வழியையே பிடித்துக்கொள்ளுங்கள். கடலுக்கடியில் இருக்கிற பாறைத் திட்டை, அவர்கள் பாஷையில் 'பார்', அவர்கள் கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துக் கண்டுபிடிப்பார்கள். முன்னால் ஒரு பனைமரம், பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வந்தால் சரியான நேர். பக்கவாட்டில் இன்னொரு ஜோடி வைத்துக்கொண்டால் எவ்வளவு வெளியே இருக்கிறோம் என்பதும் தெரியும். இரண்டு அலைக்கு ஒரு முறை தலையைத் திருப்பிப் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இந்தக் கடற்கரையில் நீரோட்டம் சும்மா இருக்காது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் பொதுவாக வடக்கே தள்ளும், வாடை வீசத் தொடங்கியதும் தெற்கே தள்ளும். நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே நாற்பது, ஐம்பது மீட்டர் நகர்ந்திருப்பீர்கள்.

கோவளத்தில் சர்ஃபிங்கைத் தொடங்கிவைத்த மூர்த்தி மேகவனே மீனவக் குடும்பத்திலிருந்து வந்தவர்தான். அந்தக் குப்பத்துப் பிள்ளைகள் மளமளவென்று கற்றுக்கொள்வதைப் பார்த்து "ரத்தத்திலேயே இருக்கு" என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ரத்தமெல்லாம் ஒன்றும் இல்லை, படகை எந்த இடைவெளியில் வெளியே தள்ளுவது என்று சின்ன வயதிலிருந்து அலை உடைகிற இடத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அதை நீங்களும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

அடுத்தது போர்டில் படுக்கிற இடம். எட்டடி போர்டில் கட்டைவிரலளவு மேலே கீழே நகர்ந்தாலும் வித்தியாசம் தெரியும். அசையாத தண்ணீரில் படுத்துப் பாருங்கள், போர்டின் மூக்கு தண்ணீரிலிருந்து மூன்று, நாலு விரல் உயரத்தில் இருக்க வேண்டும். அதைவிடத் தூக்கிக்கொண்டு நின்றால் நீங்கள் பின்னால் படுத்திருக்கிறீர்கள், வால் தண்ணீரில் அமுங்கிப் பிரேக் போட்டுக்கொண்டே வரும். புதியவர்களில் முக்கால்வாசிப் பேர் மூக்கு குத்திவிடும் என்ற பயத்தில் இப்படித்தான் பின்னால் படுக்கிறார்கள். சரியான இடம் கிடைத்ததும் உங்கள் முகவாய்க்கு நேர் கீழே போர்டில் எந்த எழுத்து, எந்தக் கோடு இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் இல்லையென்றால் மெழுகால் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு முறை ஏறிப் படுக்கும்போதும் முகவாய் அந்தக் கோட்டுக்கு வர வேண்டும். கால்கள் இரண்டும் ஒட்டியிருக்கட்டும், விரித்துப் போட்டு உதைத்துக்கொண்டிருந்தால் போர்டு இடமும் வலமும் ஆடும், வேகம் போய்விடும்.

அப்புறம் நேரம். ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறுகிறவன் பஸ் பக்கத்தில் வருவதற்குள்ளேயே அது போகிற பக்கமாக நாலடி ஓடத் தொடங்கியிருப்பான் இல்லையா, அதுபோல அலை வந்து சேரும்போது போர்டு ஏற்கெனவே கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். அலை நாலைந்து போர்டு நீளத்தில் இருக்கும்போது நிதானமாக, ஆழமாக இரண்டு கை. தோளுக்கு மேலாக ஒரு முறை திரும்பிப் பார்த்து, அலை எங்கே மேடு தட்டுகிறது என்று தெரிந்துகொண்டு, தேவைப்பட்டால் கொஞ்சம் இடமோ வலமோ திருப்பிக்கொள்ளுங்கள். அலை நெருங்க நெருங்க வேகத்தைக் கூட்டுங்கள். ரொம்ப முன்னதாகவே தொடங்கிவிட்டால் உடைகிற இடத்துக்கு உள்ளே போய்விடுவீர்கள், களைப்பும் மிச்சம்.

கடைசியாக ஒன்று, என் கணக்கில் இதுதான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிற இடம். வால் மேலே தூக்கும், அதை வயிற்றில் உணர்வீர்கள். உடனே "ஆகா, கிடைத்துவிட்டது" என்று கை போடுவதை நிறுத்தி, போர்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எழப் பார்ப்பீர்கள். அந்த நொடியில் போர்டு அலையின் மேட்டில் தராசு முள் மாதிரி நிற்கிறது, எந்தப் பக்கமும் சாயலாம். வால் தூக்கியதற்கு அப்புறம் இன்னும் இரண்டு கை, முடிந்தால் மூன்று, முகவாயைக் கிட்டத்தட்டப் போர்டில் வைத்து நெஞ்சை அழுத்தியபடி போடுங்கள். போர்டு கையை முந்திக்கொண்டு தானாக ஓடுவது தெரியும், தண்ணீர் இரண்டு பக்கமும் சர்ரென்று கிழிபடுகிற சத்தம் மாறும். அப்போது எழுந்தால் போதும்.

புதுச்சேரிப் பக்கம் செரினிட்டி பீச்சில் பழகுகிறேன். என் பிரச்சினை வேறு. அலை கிடைக்கிறது, ஆனால் போர்டின் மூக்கு தண்ணீருக்குள் குத்தி நான் தலைகீழாகப் போகிறேன். பயிற்சியாளர் "நெஞ்சைத் தூக்கு" என்கிறார், யூடியூபில் "நெஞ்சை அழுத்து" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? (ஒரு வாசகி, புதுச்சேரி)

இரண்டு பேரும் சரி, சொல்கிற அலைதான் வேறு. சோம்பலாகச் சரிகிற அலையில் நெஞ்சை அழுத்தினால்தான் போர்டு கீழே இறங்கும். செங்குத்தாக எழுந்து நிற்கிற அலையில் போர்டு தானாகவே இறங்கும், அங்கே போய் அழுத்தினால் மூக்கு குத்தத்தான் செய்யும். அங்கே வால் தூக்கிய அடுத்த கணமே கைகளை விலாவுக்குப் பக்கத்தில் ஊன்றி, புஜங்காசனம் செய்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, பார்வையைக் கரைமேல் வையுங்கள். பார்வை போர்டின் மூக்குமேல் இருந்தால் உடம்பு எடை முழுக்க முன்னால் சாய்ந்துவிடும், இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

ஆனால் உங்களுக்கு ஒவ்வொரு முறையும் குத்துகிறது என்றால், நெஞ்சைவிட இடத்தைத்தான் சந்தேகப்படுவேன். கேளம்பாக்கம் நண்பர் ரொம்ப வெளியே நிற்கிறார், நீங்கள் ரொம்ப உள்ளே நிற்கிறீர்கள். அலை உங்களிடம் வரும்போதே கவிழத் தயாராக இருக்கிறது. ஒரு போர்டு நீளம் வெளியே போய்ப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடலாம்.

இன்னொன்று, நேர் கரையை நோக்கி இறங்காமல் சற்றே கோணலாகப் புறப்படுங்கள். அலை வலப்பக்கம் உடைந்துகொண்டு போகிறதென்றால் கடைசி இரண்டு கையில் இடது கையை அழுத்திப் போட்டு மூக்கை வலப்பக்கம் கொஞ்சம் திருப்புங்கள். சரிவை நேராக இறங்குவதைவிடக் குறுக்காக இறங்கும்போது போர்டுக்கு இடம் அதிகம். சில அலைகளுக்கு இதுவும் உதவாது. கரைக்கு அருகிலேயே முழு நீளமும் மடேரென்று ஒரே சமயத்தில் கவிழ்கிற அலைகள் இருக்கின்றன, மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் கால் நனைக்கப் போகிறவர்களைப் புரட்டிப் போடுவது அந்த வகைதான். அதில் ஏறிப் பழகலாம் என்று நினைக்காதீர்கள். வேண்டாம் என்று தோன்றினால் போர்டின் பின்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துவிடுங்கள், மூக்கு மேலே தூக்கும், அலை போய்விடும். ஒரு அலையை விட்டுக்கொடுப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

தெரிந்தவர் ஒருவர் ஆறடி ஷார்ட்போர்டு ஒன்றைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். என் எடை 75 கிலோ. ஃபோம் போர்டு சின்னப் பிள்ளைகளுக்கானது, இதில் பழகினால்தான் சீக்கிரம் தேறலாம் என்கிறார். வாங்கலாமா? (மதுரை வாசகர்)

வேண்டாம். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

போர்டின் அளவை லிட்டரில் சொல்வார்கள். ஒரு லிட்டர் தண்ணீரை விலக்கினால் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். எட்டடி ஃபோம் போர்டில் சுமார் 80 லிட்டர் இருக்கும், உங்களை அப்படியே மிதக்க வைக்கும். மெல்லிய ஆறடி ஷார்ட்போர்டில் ஏறக்குறைய 30 லிட்டர்தான். நீங்கள் படுத்தால் போர்டும் நெஞ்சும் சேர்ந்து தண்ணீருக்குள் போய்விடும், அந்த நிலையில் கை போட்டு வேகம் எடுக்கவே முடியாது. வேகம் இல்லாததால் அலை ரொம்பச் செங்குத்தாகும்வரை காத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் எழுவதற்கு அரை நொடிகூட இருக்காது. எல்லாம் பழகினவர்களுக்கு அந்தப் போர்டு சுகம், உங்களுக்கு அது தண்டனை. சென்னைப் பக்கத்து அலைகள் வருஷத்தில் பெரும்பாலான நாள் சின்னதும் பலவீனமானதும்தான், அதில் பெரிய போர்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். உடையாத அலையில் பத்துக்கு ஏழாவது பிடித்து, இடமும் வலமும் திருப்பத் தெரிந்த பிறகு அளவைக் குறையுங்கள், அதுவும் ஒரேயடியாக இரண்டடி குறைக்காதீர்கள். ஃபோம் போர்டில் வேறொரு நன்மையும் இருக்கிறது, அது தலையில் பட்டால் வீக்கத்தோடு போய்விடும்.

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். லீவு கிடைக்கும்போதெல்லாம் அறுகம் குடாவுக்குப் போய்ப் பழகுகிறேன். மெயின் பாயிண்டில் வெளிநாட்டுக்காரர் கூட்டம், எனக்கு ஒரு அலையும் விடமாட்டார்கள். ஒருமுறை முயன்றபோது ஒருவர் கண்டபடி ஏசினார். இது எங்கள் கடல்தானே? (ஒரு வாசகர், மட்டக்களப்பு)

கடல் உங்களுடையதுதான், அந்த அலை யாருடையது என்பதற்கு மட்டும் வேறு விதி இருக்கிறது. உடைகிற மேட்டுக்கு மிக அருகில் இருந்து முதலில் எழுந்தவருக்குத்தான் அலை. அவர் வந்துகொண்டிருக்கும்போது முன்னால் இறங்கினால் உலகத்தில் எந்தக் கடற்கரையிலும் ஏச்சு விழும், கௌரவத்துக்காக அல்ல, இரண்டு போர்டும் இரண்டு மண்டையும் மோதிக்கொள்ளும் என்பதற்காக. நீங்கள் தெரியாமல் இறங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கண்டபடி ஏசியது தப்புதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை.

ஆனால் கேட்கிறேன், மெயின் பாயிண்டில் உங்களுக்கு இப்போது என்ன வேலை? அது வேகமான அலை, அடியில் பாறையும் பாரும். அதே குடாவின் உள்பக்கம் பேபி பாயிண்ட் இருக்கிறது, தெற்கே பீனட் ஃபார்ம், வடக்கே பொத்துவில்லைத் தாண்டி விஸ்கி பாயிண்ட். இவை பழகுகிறவர்களுக்கு உகந்த மெதுவான அலைகள். இந்தப் பாயிண்ட் அலைகளில் உங்களுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் இருக்கிறது, அது சென்னைக்காரர்களுக்குக் கிடையாது. மணல் கரையில் அலை உடைகிற இடம் மணல் திட்டு நகர்வதற்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். முனையைச் சுற்றி வருகிற அலை நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே இடத்தில், ஒரே பக்கமாக உடையும். அங்கே ஒரு வாரம் இருந்தால் இடம் பார்க்கிற கண் வந்துவிடும், மணல் கரையில் அதற்கு ஒரு பருவமே ஆகலாம்.

கூட்டத்தில் எப்படி அலை வாங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். நடுமேட்டில் போய் உட்காராதீர்கள். கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் ஓரமாக இருந்துகொண்டு, பெரியவர்கள் விட்டதையும் தவறவிட்டதையும் எடுங்கள். பெரிய கூட்டத்தின் முதல் அலைக்குப் போகாதீர்கள், அதைத் தவறவிட்டால் பின்னால் வருகிற எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். அப்புறம் ஒரு சிரிப்பு, ஒரு "குட் மோர்னிங்". இதெல்லாம் சின்ன விஷயம்தான், ஆனால் காலையில் பேசிய ஆளுக்குப் பத்து மணிக்கு ஒரு அலையை விட்டுத்தரத் தோன்றும். அங்கே சீசன் ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர்வரை. நவம்பருக்கு அப்புறமும் பழக வேண்டும் என்றால் தென்கரையில் வெலிகம போங்கள், ஏப்ரல்வரை மணல் அடியில் நல்ல சாதுவான அலை.

எந்த நேரத்தில் கடலுக்குப் போனால் நல்ல அலை கிடைக்கும்? ஆப்பில் "ஒரு மீட்டர்" என்று போட்டிருக்கிறது, போய்ப் பார்த்தால் ஒரு நாள் கண்ணாடி மாதிரி, இன்னொரு நாள் கலங்கல். (தாம்பரம் வாசகர்)

உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பியிருக்கிறீர்கள். பக்கத்திலேயே விநாடிக் கணக்கில் இன்னொரு எண் இருக்கும், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே உள்ள நேரம். ஆறு, ஏழு விநாடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிவிட்டது, குறுகலாக, ஒழுங்கில்லாமல், அடுத்தடுத்து வந்து மூச்சு விட விடாது. 12, 14 விநாடி என்றால் இந்தியப் பெருங்கடலின் தென்கோடிப் புயல்களிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வருவது, அதே ஒரு மீட்டர் என்றாலும் கனமாக இருக்கும், சீராக வரும், தயாராவதற்கு நேரம் தரும். ஆனால் விநாடி ரொம்பக் கூடினால் பலமும் கூடும், புதியவர்கள் பார்த்துப் போக வேண்டும்.

நேரம் என்றால் விடியற்காலைதான், இரண்டாவது பேச்சே இல்லை. ஜூன் முதல் செப்டம்பர்வரை காலையில் நிலத்துப் பக்கமிருந்து மேற்குக் காற்று லேசாக வரும், அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடித்து வழவழப்பாக்கும். வெயில் ஏறியதும் கடற்காற்று திரும்பிவிடும், அப்போது அலை நொறுங்கிப் போகும். ஏற்றவற்றம் நம் பக்கம் பெரிதில்லை, அமாவாசை, பௌர்ணமி சமயத்திலும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், ஆனாலும் மணல் திட்டுமேல் அலை உடைவதற்கு அரை மீட்டர் வித்தியாசமே போதும். ஒரே இடத்துக்கு வேறு வேறு நீர்மட்டத்தில் போய்ப் பார்த்து எது ஒத்துவருகிறது என்று நீங்களே குறித்துவைத்துக்கொள்ளுங்கள், எந்த ஆப்பும் இதைச் சொல்லாது.

ராமேசுவரம் போய்ப் பழகலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். பாக் நீரிணைப் பக்கத்தில் தெற்கிலிருந்து வருகிற அலையை இலங்கை மறைத்துவிடுகிறது. கயாக் ஓட்டலாம், கைட்சர்ஃபிங் செய்யலாம், அலைக்கு வடக்கேதான் வர வேண்டும்.

என் மகளுக்குப் பதினோரு வயது. பள்ளித் தோழிகளைப் பார்த்து சர்ஃபிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். நீச்சல் சுமாராகத் தெரியும். அனுப்பலாமா? பயமாக இருக்கிறது. (ஒரு தாய், திருவான்மியூர்)

அனுப்பலாம் அம்மா, ஆனால் அந்த "சுமாராக" என்பதை முதலில் சரிசெய்துவிடுங்கள். போர்டு இல்லாமல், தரை தொடாமல், பதற்றப்படாமல் இருநூறு மீட்டர் நீந்தவும், ஐந்து நிமிஷம் மல்லாந்து மிதக்கவும் தெரிந்தால் போதும். காலில் கட்டுகிற கயிற்றை நம்பிக் கடலில் இறங்கக் கூடாது, அது அறுந்துபோகக்கூடியதுதான்.

பயிற்சியாளரிடம் கேளுங்கள்: ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள், அவரும் தண்ணீருக்குள் நிற்பாரா, முதலுதவி தெரியுமா. பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். இழுப்பு நீரோட்டம் பற்றி அவளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடைவெளிதான் பெரும்பாலும் தண்ணீர் வெளியே ஓடுகிற வாய்க்கால். முகத்துவாரத்துக்கு அருகிலும் கல் கொட்டிய தடுப்புகளை ஒட்டியும் இது பலமாக இருக்கும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது, போர்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும், கையை உயர்த்திக் காட்ட வேண்டும். விழும்போது தட்டையாக விழுந்து, மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு வர வேண்டும், போர்டு எங்கே வரும் என்று தெரியாது.

ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை வெளியிடுகிறது, அது இருக்கிற நாளிலும் வடகிழக்குப் பருவமழைக் கொந்தளிப்பிலும் எவ்வளவு அடம்பிடித்தாலும் வேண்டாம். காலையில் மீன்படகுகள் கரையேறுகிற தடத்தில் நிற்கக் கூடாது, படகுக்குப் பிரேக் கிடையாது. சொறி எனப்படும் ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காமல் கடல் நீரிலேயே கழுவிவிட்டு, வலி குறையாவிட்டாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரி. மற்றபடி பதினோரு வயது நல்ல வயது. எடை குறைவு, சின்ன அலையே தூக்கிக்கொண்டு போகும், உங்கள் தெருவில் அவளுக்கு முன்னால் நுரையைத் தாண்டி வெளியே போகிறவர் யாரும் இருக்கப் போவதில்லை.

கடலுக்குப் போக முடியாத நாட்களில் வீட்டில் என்ன பயிற்சி செய்யலாம்? (கோயம்புத்தூர் வாசகர்)

பாயை விரித்துப் படுத்து எழுந்து பழகுங்கள், முழங்கால் ஊன்றாமல், இரண்டு பாதமும் ஒன்றாக வந்து விழுகிற மாதிரி. தினமும் பத்து முறை போதும், ஆனால் அந்தப் பத்திலும் பார்வை சுவரில் ஒரே புள்ளியில் இருக்க வேண்டும். நீச்சல் குளம் பக்கத்தில் இருந்தால் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்தபடி நீந்துங்கள், பேடில் செய்யும்போது வலிக்கிற கழுத்தும் மேல்முதுகும் அதில்தான் பழகும். முழங்கை மேலே, விரல்கள் லேசாகப் பிரிந்து, கை போர்டின் ஓரத்தை ஒட்டி நேராகப் பின்னால் போக வேண்டும், அடிப்பக்கமாகக் குறுக்கே போனால் போர்டு பாம்பாக நெளியும்.

நெஞ்சிலும் வயிற்றிலும் போர்டு உராய்ந்து தோல் உரிகிறது. பாட்டி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போகச் சொல்கிறார். (ஒரு மாணவர், நாகர்கோவில்)

பாட்டிக்கு என் வணக்கம். எண்ணெயைக் குளித்துவிட்டு வந்த பிறகு தடவிக்கொள்ளுங்கள். முன்னாலேயே தடவினால் போர்டில் படுக்கும்போதே இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் வழுக்கி விழுவீர்கள், போர்டில் படிந்த எண்ணெய் லேசில் போகாது, அடுத்து வாடகைக்கு எடுக்கிறவரும் சேர்ந்து விழுவார். சன்ஸ்கிரீனும் அப்படித்தான், முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும், தடவிய கையை மணலில் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போர்டைத் தொடுங்கள். உராய்வுக்கு முழுக்கை ரேஷ்கார்டு, அதாவது உடம்போடு ஒட்டுகிற நீச்சல் சட்டை, போட்டுக்கொள்ளுங்கள், நம் வெயிலுக்கும் அதுதான் நல்லது. சொந்தப் போர்டு என்றால், வழுக்காமல் இருக்க அதன்மேல் தேய்க்க, வெப்பப் பகுதிக்கான கெட்டி மெழுகு வாங்குங்கள், குளிர்ப் பகுதி மெழுகு நம் ஊரில் உருகி வழியும். போர்டை மூடிய காருக்குள் வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், ஃபோமும் மேல்தோலும் உப்பிக்கொண்டு பிரிந்துவிடும்.